டாக்டரிடம் சொல்லாத அக்கி

இதைப் படித்துவிட்டு யாரும் எனக்காக உச்சுக் கொட்ட வேண்டாம். முகத்தை அறுத்துக்கொண்டவள் நான். பொய் சொன்னவளும் நான். என் மேல் எனக்கே வராத இரக்கம் ஊராருக்கு எதற்கு?

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு முன்கூடம்தான் கடை. பின்கட்டில் இரண்டு தறி ஓடுகிறது. கணவர் காலமான பிறகு என் மகன் வியாபாரத்தைச் செல்போனுக்கு மாற்றினான். வாரத்தில் நான்கு நாள், காலை பதினோரு மணிக்கு லைவ். சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் நிற்பேன். முந்தியை விரிப்பேன், பார்டரை உடலோடு சேர்த்து நெய்த கோர்வையைத் திருப்பிக் காட்டுவேன், ஜரிகையைப் பற்றிப் பேசுவேன். பார்ப்பவர்கள் எழுதுவதை மகன் உரக்க வாசிப்பான். "அக்கா, அந்தப் பச்சையை எடுத்து வையுங்க" என்று துபாயிலிருந்து ஒருத்தி எழுதுவாள். முப்பது வருடம் பின்கட்டில் உட்கார்ந்து நூல் சுற்றியவள் நான். வீட்டுக்கு வருகிற வியாபாரிகள் என்னிடம் தண்ணீர் கேட்டிருக்கிறார்களே தவிர, சேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பதினோரு மணிதான் எனக்குக் கிடைத்த ராஜாங்கம். அதை எவளுக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஒரு நாள் சேலத்திலிருந்து ஓர் அம்மாள் மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தார். நான்தான் பாய் விரித்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தேன். அவர் என் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, "வீடியோல வருவாங்களே, அந்த அக்கா இன்னைக்கு இல்லீங்களா?" என்றார்.

"நான்தாம்மா அது."

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு மறுபடி பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "ஆமாங்க, குரல் அதேதாங்க" என்றார். அவர் சமாளித்த அழகுக்கு இரண்டு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. மூன்று சேலை எடுத்துக்கொண்டு போனார். கடைசிவரை என் பக்கம் திரும்பவில்லை.

அவர் போனதும் மகனைப் பிடித்தேன். முதலில் மழுப்பினான். பிறகு, "ஃபில்டர்மா. எல்லாரும் போடறதுதான். லைட்டு செரியில்லன்னு போட்டேன்" என்றான்.

"எப்பத்துலருந்து?"

"ஒரு வருசமா."

நான் என் வீடியோக்களைப் பார்த்ததில்லை. கண்ணாடி இல்லாமல் செல்போன் எனக்குத் தெரியாது. கண்ணாடி போட்டுக்கொண்டு என்னையே பார்க்க எனக்கென்ன வேறு வேலை இல்லையா? அன்றைக்குப் பார்த்தேன். அதில் என் சேலையைப் போட்டுக்கொண்டு, என் குரலில் ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள். தாடை கத்தரித்தாற்போல் இருந்தது. கழுத்தில் தொங்கல் இல்லை. மேலுதட்டுக்கு மேல் எனக்கு இருக்கும் கோடுகளில் ஒன்றுகூட அவளுக்கு இல்லை. ஒரு வருடமாக என் இடத்தில் நின்று அவள் விற்றிருக்கிறாள், நான் அவளுக்குக் குரல் கொடுத்திருக்கிறேன்.

"வேணும்னா கட்டிக் காமிக்க ஒரு பொண்ண வெச்சிக்கலாம்மா. நீ பின்னாடி இருந்து பேசு, போதும்" என்றான் மகன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். நல்ல எண்ணத்தோடு கழுத்தறுப்பதில் பிள்ளைகளை மிஞ்ச ஆள் கிடையாது.

ஃபில்டரை எடுத்துவிடுடா என்று ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம், கதை அன்றோடு முடிந்திருக்கும். சொல்லவில்லை. எனக்கு அந்த முகம் பிடித்திருந்தது. இதை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் என் மகனை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு நான் தப்பிக்க முடியாது.

சென்னையில் ஒரு டாக்டரிடம் போனேன். என் பணம், என் முகம். செலவைப் பற்றி யாருக்கும் சொல்லப்போவதில்லை. டாக்டருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. தன் கடைச் சரக்கைத் தானே தின்கிறாரோ என்று தோன்றியது. அந்த வீடியோவைக் காட்டி, "இப்படி ஆகணும்" என்றேன். சிரிக்காமல் பார்த்தார். கையில் கண்ணாடியைக் கொடுத்து, விரலால் என் கன்னத்தைக் காதுப் பக்கம் இழுத்தார்.

"தொங்கறதெல்லாம் இப்படி இழுத்தா போயிடும்மா. காது ஓரமா வெட்டி, உள்ள இருக்கிற சதையை ஏத்திக் கட்டி, மிச்சத் தோலை எடுத்துட்டுத் தைப்போம். ஆனா வாயைச் சுத்தி இருக்கிற கோடு எவ்வளவு இழுத்தாலும் போகாது. அது தோல்லயே இருக்கிறது. அதுக்கு லேசர். மேல் தோலைச் சுட்டு எடுத்தா, கீழருந்து புதுசா வளரும்."

அது எனக்கு உடனே விளங்கிவிட்டது. தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டினால் தொய்வு போகும், நூலிலேயே இருக்கிற பிசிறு போகாது. இதைத் தெரிந்துகொள்ள நான் சென்னைவரை போயிருக்க வேண்டியதில்லை.

"ரெண்டையும் ஒரே நாள்ல செஞ்சிடுங்க சார்" என்றேன். பாதிக் கிணறு தாண்டுகிற பழக்கம் எனக்கு இல்லை.

செய்யலாம், ஆனால் நிதானமாகச் செய்யவேண்டும் என்றார். இழுத்துத் தைத்த கன்னத்தில் ரத்த ஓட்டம் கொஞ்ச நாள் குறைவாக இருக்குமாம். அங்கே லேசரை லேசாகத்தான் விடுவாராம். வாயைச் சுற்றி மட்டும் ஆழமாகப் போவாராம். நம் நிறத்துத் தோல் ஆறும்போது கறுத்துப்போகலாம் என்றும், வெயிலே படக்கூடாது என்றும் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"வாய் ஓரத்துல, உதட்டுல எப்பவாவது கொப்புளம் வந்திருக்கா? கொத்தா, எரிச்சலோட, காய்ச்சல் சமயத்துல?"

வந்திருக்கிறது. மூன்று தடவை. முதல் தடவை மகன் பிறந்த ஆறாவது மாதத்தில். ஆனால் எங்களுக்கு அது அக்கி. அக்கிக்கு எங்கள் தெருவில் யாரும் டாக்டரிடம் போனதில்லை. திருப்புட்குழிப் பக்கத்திலிருந்து குயவர் ஒருவர் வருவார். காவிக்கல்லைத் தண்ணீர் விட்டு உரசி, கோழி இறகில் தொட்டு, கொப்புளத்தின் மேலும் சுற்றிலும் சிங்கத்தின் உருவத்தை எழுதுவார். மூன்று நாள் எழுதினால் காய்ந்து உதிர்ந்துவிடும். ஊசி போடக்கூடாது, மாத்திரை தின்னக்கூடாது. தின்றால் அக்கி உள்ளே அமுங்கி வேறு இடத்தில் கிளம்பும் என்பார்கள். அதை டாக்டரிடம் சொல்வது, தறிக் கட்டை உடைந்ததைத் தாசில்தாரிடம் போய்ச் சொல்கிற மாதிரி. அவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. சொன்னால் தேதியைத் தள்ளிப்போடுவார், அதற்குள் மகன் அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவான் என்ற பயம்.

"இல்ல சார். வந்ததேயில்ல."

"சரி. இருந்தாலும் வாயைச் சுத்தி லேசர் பண்ற எல்லாருக்கும் ஒரு மாத்திரை குடுப்போம். முந்தின நாளே ஆரம்பிச்சு, தோல் ஆறுற வரைக்கும் விடாம சாப்பிடணும். விட்டா ஆபத்து."

அவர் அதை இரண்டு முறை சொன்னார். அவர் பேரில் குற்றம் சொல்ல இடமில்லாமல் போனதில் எனக்கு இன்னும் எரிச்சல்தான். வீட்டுக்கு வந்து, கூடவே கொடுத்த தாளைப் படித்தேன். கொப்புளம் வராமல் இருக்க என்று தமிழிலேயே போட்டிருந்தது. அக்கி மாத்திரை! அந்த அட்டையை மட்டும் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன். மற்ற எல்லா மருந்தையும் நேரம் தவறாமல் விழுங்கினேன்.

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். கணவரின் தங்கை. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. இருபது வருடமும் என் சாம்பாரில் அவளுக்கு உப்புப் போதவில்லை. ஆபரேஷன் என்று கேள்விப்பட்டதும், "சுடுகாட்டுக்குப் போற வயசுல சுண்ணாம்பு அடிக்கறாங்களாம்" என்று கிணற்றடியில் நின்றுகொண்டு, எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள். மூன்றாம் நாள் நான் முகம் பூசணிக்காயாக வீங்கி வீடு திரும்பியபோது, எனக்குப் பணிவிடை செய்ய அவளைத் தவிர வேறு ஆள் இல்லை. என் தலையெழுத்து!

வலி எனக்குப் பெரிதில்லை. தையல் காதோரம் விறைத்துக்கொண்டு இருந்தது, அவ்வளவுதான். லேசர் பட்ட இடம்தான் கொடுமை. வாயைச் சுற்றித் தோல் உரித்த தக்காளி மாதிரி சிவந்து நீர் கசிந்தது. காய்ச்சி ஆறிய தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, களிம்பைக் கனமாகப் பூசிக்கொண்டே இருக்கவேண்டும். நாத்தனார் செய்தாள். கை மெதுவாகத்தான் பட்டது, வாய்தான் சும்மா இருக்கவில்லை.

"ஊர்ல இருக்கறவங்க எல்லாம் மூஞ்சிய எடுத்துக்கினு போயி தெச்சிக்கினு வர்றாங்களா? இன்னாத்துக்கு அண்ணி உனக்கு இந்த வேல?"

என்னால் வாயைத் திறக்க முடியாது. அது அவளுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! இருபது வருடத்துப் பாக்கியை இரண்டே நாளில் பேசித் தீர்த்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் உதட்டோரம் சுள்ளென்று எரிந்தது. மதியத்துக்குள் காய்ச்சல். கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். ரோஸ் நிறப் புண்ணின் மேல் கொத்தாக, நீர் கோத்த சின்னச் சின்ன முத்துகள். எனக்குத் தெரிந்துவிட்டது. நாத்தனாரும் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது, கடைசி இரண்டு தடவையும் குயவரைப் போய்க் கூட்டிவந்தவளே அவள்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் போடட்டுமா அண்ணி?"

வேண்டாம் என்று தலையாட்டினேன். செல்போனில் தட்டிக் காட்டினேன்: எழுத ஆளைக் கூப்பிடு.

மறுநாள் காலை வந்தார். பழைய குயவர் இல்லை, அவருடைய மகன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. லீவு நாளில் கேட்டவர்களுக்கு அக்கி எழுதுகிறார். பையிலிருந்து காவிக்கல்லையும் இறகையும் எடுத்து வைத்தார். கையைக் கழுவிவிட்டு வந்து என் முகத்தருகே குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

"இன்னாம்மா இது? அடுப்புல விழுந்துட்டாங்களா?"

நாத்தனார் விவரத்தைச் சொன்னாள். அவர் இறகை எடுத்துத் திரும்பப் பையில் போட்டார்.

"நான் எழுத மாட்டேம்மா."

"ஏம்பா? உங்கப்பா எழுதலியா? மூணு தபா வந்து எழுதினாரே?"

"அப்ப தோலு இருந்துச்சும்மா. இது தோலு இல்ல, பச்சப் புண்ணு. கொப்புளம் மோவாய் வரைக்கும் எறங்கியிருக்குது பாருங்க. இதுல மண்ண வெச்சா சீழ் வெச்சிப் பூடும். அந்தப் பாவம் எனக்கு வாணாம். இன்னிக்கே அறுத்த டாக்டராண்டயே போயிடுங்க."

நாத்தனார் கெஞ்சினாள். நான் கெஞ்சவில்லை. திறக்கமுடியாத வாயைத் திறந்து அவரைத் திட்டினேன். அப்பன் பேரைக் கெடுக்க வந்தவன், கம்பெனிக்குப் போனதும் குலத்தொழில் கசந்துவிட்டது, என்னவெல்லாமோ சொன்னேன். உதடு வெடித்து ரத்தம் வந்தது. அவர் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார். அந்த ஒரு மனிதர்தான் அன்றைக்கு என் முகத்தைக் காப்பாற்றியவர். அவரிடம் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவேண்டும்.

மகன் கார் எடுத்தான். பின் இருக்கையில் நாத்தனார் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஈ உட்காராமல் விசிறிக்கொண்டே வந்தாள். அன்றைக்குத்தான் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எனக்கு அதுதான் பயத்தைக் கொடுத்தது.

டாக்டருக்கு என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. நேராகக் கேட்டார். "இதுக்கு முன்னாடி இது வந்திருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். "இல்ல சார். எங்க வூட்ல யாருக்கும் வந்ததேயில்ல. இதான் மொத தபா."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அதை எழுதிக்கொள்ளக் குனிந்தார். அந்த நிமிஷம் எனக்குள் என்ன ஓடியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவள் சொன்ன பொய் என்னுடையதுதான். என் பொய்யை அடுத்தவள் வாயால் கேட்டபோது அது அவ்வளவு அசிங்கமாக இருந்தது. இன்னொரு பொய்க்கு என் முகத்தில் இடம் இல்லை.

"வந்திருக்குது சார். மூணு தடவ."

"அன்னைக்குக் கேட்டேனே?"

"பொய் சொன்னேன்."

"மாத்திரை?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

பேனாவைக் கீழே வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "ஏம்மா?" என்றார், அவ்வளவுதான்.

"அக்கி சார் அது. உங்க வேலையில்லன்னு நெனச்சேன்."

அவர் ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்து நான்கு நாள் நரம்பில் மருந்து ஏற்றினார். பரவுவது நின்றது. எவ்வளவு தழும்பு நிற்கும் என்று கேட்டதற்கு, ஆறினால்தான் தெரியும் என்றார்.

இரண்டாம் நாள் நாத்தனாரைக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

"நீ ஏற்கனவே இல்லன்னு சொல்லிட்டுத்தான் வந்திருப்பேன்னு எனக்குத் தெரியாதா? வெளியாளு எதிர்ல எங்கண்ணன் பொண்டாட்டிய பொய்க்காரின்னு காட்டிக் குடுக்கச் சொல்றியா? நீ பொய்க்காரின்னு சொல்ற பாத்தியத எனக்குத்தான் இருக்குது."

அதற்காக நாங்கள் கட்டிக்கொண்டு அழுதோம் என்று யாரும் கற்பனை செய்யவேண்டாம். வீடு திரும்பிய மறுநாளே ரசத்தில் புளி அதிகம் என்றாள். நானும் விடவில்லை.

ஆறியது. தாடை, கழுத்து எல்லாம் டாக்டர் சொன்னபடியே வந்திருக்கிறது. தையல் இருந்த இடம் தேடினாலும் கிடைக்காது. வாய்க்கு இடது பக்கம் மேலுதட்டிலிருந்து மோவாய் வரை வேறு கதை. அங்கங்கே குழி, அங்கங்கே வெளுப்பு, ஓரத்தில் கறுப்பு. கோடுகள் போய்விட்டன. கோடுகளே பரவாயில்லை என்று ஆகிவிட்டது. கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வரும். யார் மேல் என்று தேடிப்பார்த்தால் எல்லா வழியும் திரும்பி என்னிடமே வந்து நிற்கும்.

இரண்டு மாதம் மாஸ்க் போட்டுக்கொண்டு லைவில் நின்றேன். விற்பனை குறையவில்லை. மாஸ்க் எதற்கு என்று ஒரு ஆள் கேட்கவில்லை. மகனுக்கு அதில் சந்தோஷம். எனக்கு அது தாங்கவில்லை.

போன மாதம் ஒரு நாள், லைவ் ஆரம்பிக்கும் முன், மாஸ்க்கைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன்.

"இன்னும் கொஞ்ச நாளு அதோடவே போடலாம்மா" என்றான் மகன். "நல்லாத்தான போயிக்கினு இருக்குது?"

"ஃபில்டர் இருக்குதா?"

தலையாட்டினான்.

"எடுடா அத."

எடுத்தான். செல்போனைத் திருப்பி எனக்குக் காட்டினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நான்தான், குழியும் கறுப்புமாக. அரக்கு உடம்பில் பச்சை பார்டர் போட்ட சேலையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, மோவாயைத் தூக்கி நின்றேன். எவனாவது, எவளாவது ஒரு வார்த்தை எழுதட்டும் என்று காத்திருந்தேன். என்ன ஆச்சு என்று கேட்டால் ஒரு பதில், ஐயோ பாவம் என்றால் ஒரு பதில், கிண்டல் செய்தால் அதற்கும் ஒன்று. இரண்டு மாதமாக மனதுக்குள் தீட்டித் தீட்டி வைத்திருந்தேன்.

நூற்றுச் சொச்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பேச ஆரம்பித்தேன். ஒரு நிமிஷம் போனது, இரண்டு நிமிஷம் போனது. மகனின் கண் திரையிலேயே இருந்தது. எதுவோ வந்தது. அவன் வாசிக்கத் தயங்கினான்.

"படி" என்றேன்.

"அக்கா, அந்த பார்டரக் கொஞ்சம் கிட்ட காட்டுங்க."

"அப்புறம்?"

"அவ்ளோதாம்மா."

தீட்டி வைத்ததெல்லாம் நெஞ்சிலேயே நின்றது. ஃபில்டர் போட்டவளையும், மாஸ்க் போட்டவளையும், இந்தக் குழி விழுந்தவளையும் அவர்கள் பார்க்கவே இல்லை. என் முகத்தை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு வந்தது கோபம்தான், வேறெதுவும் இல்லை. பார்டரை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு செல்போனுக்குக் கிட்டே போனேன். திரை முழுக்கப் பச்சை பார்டர் வந்து, அதன் பின்னால் என் முகம் மறைந்துபோனது. உடனே நான்கு பேர் விலை கேட்டார்கள்.